மேஸ்திரியின் நம்பர்

"வரிசை வேண்டாம், விரல் நுனி போதும்" என்று தொழிலாளர் நல அலுவலகச் சுவரில் பெரிய பேனர். அதற்குக் கீழேதான் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். சித்தாள் காலை ஒன்பது மணிக்கு வந்தவள். அவள் முறை வந்தபோது மணி மூன்றரை.

அவள் புருஷன் கொத்தனார். சாரம் சரிந்து இரண்டாம் மாடியிலிருந்து விழுந்து, பன்னிரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடக்கிறான். முதுகெலும்பில் நாளைக் காலை ஆபரேஷன். தொழிலாளர் நல அட்டை இருப்பதால் செலவில்லை. ஆனால் இன்று ஐந்து மணிக்குள் ஆன்லைனில் ஒப்புதல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"மறுபடி இடம் கிடைக்க மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள கால்ல இருக்கிற கொஞ்ச உணர்ச்சியும் போயிடும்" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஜன்னலில் இருந்த குமாஸ்தா அட்டையைக் கையில் வாங்கவே இல்லை.

"பேப்பர் வாங்கறதை நிறுத்தி ரெண்டு மாசமாச்சும்மா. வீட்டிலிருந்தே செய்யலாம்."

"வீட்டிலிருந்து செய்யத் தெரிஞ்சா இங்க ஏன் சார் கால் கடுக்க நிக்கிறேன்?"

அவர் பேனாவால் மூலையைக் காட்டினார். அங்கே நீலக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். சனங்களை ஆன்லைனுக்குப் பழக்குவதுதான் அவள் வேலை. நல்ல பெண். மளமளவென்று தட்டினாள்.

"அவ்வளவுதான்க்கா. உங்க போனுக்கு ஆறு நம்பர் வரும், சொல்லுங்க. பத்து நிமிஷம்தான் செல்லும்."

சித்தாள் போனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"அறுபத்தேழுல முடியற நம்பர்தானே?"

"என்னுது பதினொன்னுல முடியும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அட்டை போட்ட அன்று கட்டட வேலைக் கூட்டத்தில் போன் வைத்திருந்தவர் மேஸ்திரி ஒருவர்தான். பதினாறு பேருக்கும் தன் நம்பரையே எழுதிக் கொடுத்தார். "இனிமே அரசாங்கம் கூப்பிட்டா உங்க எல்லாருக்கும் நான்தான்டா பொண்டாட்டி" என்றார். எல்லாரும் கலவை போடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இப்போது மேஸ்திரி எந்த ஊரில் இருக்கிறாரோ.

"வேற நம்பர் மாத்திக் குடும்மா."

"மாத்தறதுக்கும் பழைய நம்பருக்குத்தான்க்கா வரும். இல்லன்னா அட்டைக்காரரே நேர்ல வந்து கைரேகை வைக்கணும்."

"அவரு எந்திரிச்சு வர்றதுக்குத்தானேம்மா இந்த ஆபரேஷன்."

அட்டையில் எழுதியிருந்த அந்த நம்பருக்கே போன் போட்டாள். யாரோ ஒரு ஆள் எடுத்தார்.

"மேஸ்திரி இல்லம்மா. இந்த நம்பர் எனக்கு வந்து ஒரு வருஷமாச்சு. இன்னும் சிமெண்டு வந்திருச்சான்னு என்னைக் கேக்கறாங்க."

"அண்ணே, இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும். அந்த ஆறு நம்பரை மட்டும் படிங்கண்ணே. அஞ்சாவது வார்டுல எங்க வீட்டுக்காரர் கிடக்காரு."

அதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அதுலயே போட்டிருக்கே."

"அது அவருக்கு வந்ததுண்ணே."

"என் போனுக்குல்ல வந்திருக்கு. போன மாசம் இப்படித்தான் ஒரு பொம்பளை அழுதா. என் தங்கச்சி நம்பரைச் சொல்லிட்டு, பேங்க்ல இருந்த பணம் போயி இன்னிக்கும் அழுதுட்டிருக்கா."

நீலக் கோட்டுப் பெண் போனை வாங்கினாள். "சார், நான் அரசாங்க உதவி மையத்திலிருந்து பேசறேன்."

"அவளும் அதையேதான் சொன்னா" என்று வைத்துவிட்டார்.

இன்னும் இரண்டு முறை எண் அனுப்பினார்கள். அவர் போனை அணைத்து வைத்திருந்தார். ஐந்து மணிக்குத் திரையில் ஒப்புதல் பக்கம் தானாக மூடிக்கொண்டது. பெண் தலையைத் தூக்கவில்லை.

ஆஸ்பத்திரிப் படியேறும்போது சித்தாளின் போன் அடித்தது.

"அம்மா, நான்தான். வீட்ல சொன்னேன், திட்டறா. ஏமாத்தறவ வார்டு நம்பரா சொல்லுவான்னு கேக்கறா. மனசு கேக்கல. எழுதிக்குங்க. மூணு... எட்டு... எட்டு... சுழி... அஞ்சு... ரெண்டு."

அவள் படியில் நின்று கடைசி எண் வரை கேட்டுக்கொண்டாள்.

"எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன்ணே."

"இனி எல்லாம் நல்லபடியா நடக்கும்மா."

"சரிண்ணே."

கட்டிலில் கொத்தனார் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாதாமே. ராத்திரியிலிருந்து நிறுத்தினாப் போதும்னு நர்சம்மா சொன்னாங்க. நான் மதியமே நிறுத்திட்டேன், தண்ணிகூடக் குடிக்கல. காலையில எத்தனை மணிக்காம்?"

அவள் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவன் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.