அமுக்குவதற்கு முந்தைய முப்பது விநாடி

“மாமா, நீங்க எப்ப உள்ள வந்தீங்க?”

தொட்டியின் வாயிலிருந்து தலை வெளியே வந்ததும் ஊசி கேட்ட முதல் கேள்வி அதுதான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். வாயில் விசில் இருந்ததால் பேச முடியவில்லை.

தண்ணீர்த் தொட்டி கழுவுவது அவர்கள் இருவருக்கும் பிழைப்பு. மேலே நிற்பவர் கயிற்றுக்காரர். உள்ளே இறங்குகிறவன் அவருடைய மனைவியின் தம்பி. எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான் என்பதால் வேலையிடத்தில் அவனுக்கு ஊசி என்று பெயர் விழுந்து, வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. கயிற்றுக்காரரின் உடம்பு வேறு வாகு. தொட்டியின் வாய்க்குள் அவர் ஒரு காலை விட்டால் மறு கால் வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

தொட்டிக்குள் மனிதக் குரல் நிற்காது. சுவரில் மோதி மோதிக் கூழாகிவிடும். அதனால் அவர்களுக்குள் பேச்செல்லாம் விசிலும் கயிறும்தான். மேலிருந்து ஒரு ஊதல் ஊதினால், நன்றாக இருக்கிறாயா என்று கேட்பதாக அர்த்தம். கீழிருந்து கயிறு ஒரு முறை இழுபட்டால், இருக்கிறேன் என்று பதில். உள்ளே ஆள் இருக்கும்வரை விசில் அவர் வாயை விட்டு இறங்காது. அந்த மனுஷன் வாய் மூடிக்கொண்டிருப்பது அந்த நேரத்தில் மட்டும்தான் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

ஊசி தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். அதன் பிறகுதான் விஷயம் வந்தது. அது பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த தொட்டி. நடுச்சுவர் வைத்து இரண்டு அறைகளாகக் கட்டியிருந்தார்கள். சுவரின் அடியில் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓட்டை. முதல் அறையைத் தேய்த்து முடிக்கிற நேரத்தில் இரண்டாவது அறையிலிருந்து மாமாவின் குரல் கூப்பிட்டதாம். இவனும் கயிற்றை விட்டுவிட்டு ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போனானாம். அங்கே யாரும் இல்லையாம்.

கயிற்றுக்காரருக்கு அந்த நேரம் நினைவிருந்தது. கயிறு சட்டென்று கனமில்லாமல் போயிற்று. ஊதினார், பதில் இல்லை. மறுபடி ஊதினார். மூன்றாவது முறை ஊதுவதற்குள் கயிறு இழுபட்டது. அதன் பிறகு அவர் ஒன்றும் யோசிக்கவில்லை, மேலே இழுத்துவிட்டார்.

“காத்து கெட்டுப்போச்சு போல மாமா. தலை சுத்தல்” என்றான் ஊசி.

அவருக்கும் அப்படித்தான் பட்டது. காற்று ஊதும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, காற்றைச் சோதிக்கும் மீட்டரும் கத்தவில்லை. ஆனால் மீட்டர் தொங்கியது முதல் அறையில். மற்ற அறையின் மூலையில் கெட்ட காற்று படுத்துக் கிடந்திருக்கலாம். கெட்ட காற்று ஏறினால் மனிதன் எதை வேண்டுமானாலும் பார்ப்பான், எதை வேண்டுமானாலும் கேட்பான். சூப்பர்வைசருக்குப் போன் போட்டுச் சொன்னதற்கு, இன்றைக்கு ஓய்வு எடுங்கள், நாளைக் காலையில் மிச்சத்தை முடித்துவிடுங்கள், கட்டடத்தில் குடியிருப்பவர்கள் தண்ணீருக்குக் கத்துகிறார்கள் என்று பதில் வந்தது. கூடவே, வீடியோ எடுத்தீர்களா என்றும் கேட்டார்.

அந்த வீடியோ வேலை புதிதாக வந்து சேர்ந்த தலைவலி. தீப்பெட்டி அளவில் ஒரு ஆக்‌ஷன் கேமரா. தலைக்கவசத்தில் மாட்டிக்கொண்டு, கழுவுவதற்கு முன்னும் பின்னும் தொட்டி எப்படி இருந்தது என்று எடுத்துக் காட்ட வேண்டும். எப்படி எடுப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. முதல் தடவை ஸ்லோ மோஷனில் போட்டுவிட்டார்கள். ஊசியின் பிரஷ் ஒரு இழுப்பு இழுப்பதற்குள் பார்க்கிறவர் குளித்து முடித்து வந்துவிடலாம். அடுத்த தடவை டைம் லாப்ஸ். ஒரு நாள் முழுக்க முதுகு ஒடிந்த வேலை, கண் சிமிட்டுவதற்குள் முடிந்துபோயிற்று. இதற்கா இவ்வளவு கூலி என்று கட்டடக்காரர் கேட்டார். ‘வைட்’ என்ற அளவில் வைத்தபோது தொட்டி கடல்போலத் தெரிந்தது. தூண்கள் வில்லாக வளைந்து நின்றன. அதைப் பார்த்த ஒரு அம்மாள், கட்டடம் விழப்போகிறது என்று பிள்ளையோடு வெளியே ஓடிவந்துவிட்டார். இத்தனைக்கும் மேலாக ஊசிக்கு ஒரு மறதி வேறு. வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் பட்டனை அமுக்கவில்லை என்பது ஞாபகம் வரும்.

அன்று சாயங்காலம் மூவரும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்கா பரிமாறினாள். ஊசி பேசாமல் சாப்பிட்டான்.

“என்னடா, இன்னிக்கு உப்பு போதலன்னு சொல்லலையே? உடம்பு சரியில்லையா?” என்றாள் அக்கா.

அவன் சிரித்தான். நடந்ததைக் கயிற்றுக்காரர் சுருக்கமாகச் சொன்னார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அப்பா போனபோது கைப்பிள்ளையாக இருந்தவனை அவள்தான் வளர்த்தாள். கட்டிக்கொண்டு வரும்போது சீர் என்று அவள் கொண்டுவந்ததும் இந்தத் தம்பியைத்தான்.

“நாளைக்கு இவன இறக்கப் போறீங்களா?”

“காத்த நல்லா ஊதிட்டுதான் இறக்குவேன்.”

“கெட்ட காத்துதான்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?”

வீடியோவைப் பார்க்கலாமே என்று தோன்றியது அப்போதுதான். கேமராவை அவளுடைய போனோடு இணைத்தார்கள். ஊசி மட்டும் தள்ளிப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அதில் ஒன்றும் இருக்காது, குரல் கேட்ட பிறகுதான் பட்டனை அமுக்கினேன் என்றான். மாமா எப்படியோ தொந்தியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார் என்று நினைத்தானாம். அந்தக் காட்சியை அக்காவுக்கு எடுத்துக் காட்ட வேண்டும் என்றுதான் அமுக்கினானாம். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

படம் ஓடியது. விளக்கு வெளிச்சத்தில் ஈரச் சுவர், பிரஷ், ஊசியின் கை. கை சுவரைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

“இது நீ அமுக்கறதுக்கு முன்னாடி நடந்ததாச்சே. இது எப்படி இதுல வந்துச்சு?” என்றார் கயிற்றுக்காரர்.

அவள் படத்தை நிறுத்திவிட்டு அமைப்புகளைத் திறந்தாள். தையல் கம்பெனியில் சட்டைக் காலரில் இருக்கும் பொடி எழுத்தையே நாளெல்லாம் படிக்கிறவள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் விரலை வைத்தாள். பின்பக்கம் வளைந்த அம்பு போட்ட கடிகாரப் படம் ஒன்று இருந்தது. இது போட்டிருந்தால் கேமரா சும்மா இருக்கும்போதும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும்தான் இருக்குமாம். கடைசி முப்பது விநாடியை மட்டும் ஞாபகத்தில் வைத்திருந்து, பழையதை விட்டுக்கொண்டே வருமாம். பட்டனை அமுக்கிய உடனே கையில் இருக்கும் அந்த முப்பது விநாடியையும் சேர்த்து எழுதிவிடுமாம். தம்பியின் மறதிக்காக எப்போதோ இதைப் போட்டு வைத்தது தானேதான் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது.

“சனியன், பயந்தே போயிட்டேன்” என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். மறுபடி படத்தை ஓடவிட்டு, இந்த முறை சத்தத்தைக் கூட்டினாள்.

பிரஷ் உரசும் சத்தம். ஊசியின் மூச்சு. பிறகு, பக்கத்து அறையிலிருந்து அவசரமே இல்லாமல் ஒரு குரல்.

“மாப்ளே, இந்தப் பக்கம் வா. இங்க இன்னும் கொஞ்சம் இருக்கு.”

அது கயிற்றுக்காரரின் குரல். ‘கொஞ்சம்’ என்பதை அவர் இழுக்கிற அதே இழுப்பு, பேச ஆரம்பிக்கும் முன்னால் தொண்டையைச் செருமுகிற அதே செருமல். சுவரில் மோதிச் சிதறவும் இல்லை, காதோடு சொன்னதுபோல் தெளிவாக இருந்தது. ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை மேலிருந்து நான்தான் கூப்பிட்டு மறந்துவிட்டேனோ? அப்படி இருந்துவிட்டால் எவ்வளவோ நிம்மதி.

குரல் இன்னொரு முறை அதையே சொன்னது. “மாப்ளே, இந்தப் பக்கம் வா” என்று அது சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதன் மேலேயே, வெகு உயரத்திலிருந்து ஒரு விசில் கேட்டது. அவருடைய விசில்.

ஒரே வாய் ஒரே நேரத்தில் ஊதவும் பேசவும் முடியாது.

படம் தொடர்ந்தது. ஊசி சிரித்துக்கொண்டே, வரேன் மாமா என்று சொல்லிவிட்டு ஓட்டைக்குள் தலையை விட்டான். தலைக்கவசம் விளிம்பில் இடித்தது. பட்டன் அமுங்கிப் படம் நின்றுவிட்டது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

“கெட்ட காத்துன்னீங்களே” என்றாள் மனைவி மெதுவாக. “மனுஷனுக்குத் தலை சுத்தும். கேமராவுக்கு மூக்கு எங்க இருக்கு?”

மூடியைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று ஊசிதான் சொன்னான். அக்காவுக்கு அது சரியாகப் படவில்லை. என் தம்பி இறங்கக்கூடாது, அது ஒன்று. ஆனால் உள்ளே உண்மையிலேயே யாராவது மாட்டிக்கொண்டிருந்தால்? மிச்சத்தை யோசிக்கும் முன்னால் அதைப் பார்க்க வேண்டாமா? கடைசியில் ஆளை அனுப்பாமல் கேமராவை மட்டும் இறக்கிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. இருட்டுக்கு ஏற்றபடியும், ஓரம்வரை தெரியும்படி வைட்டிலும், இடையில் நிற்காமல் ஓடும்படியும் அவளே அமைத்துக் கொடுத்தாள்.

காலையில் இரண்டாவது அறையின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். வெகு நாளாகத் திறக்காத மூடி. துரு பொடியாக உதிர்ந்தது. கேமராவையும் ஒரு டார்ச்சையும் கயிற்று நுனியில் கட்டினார் கயிற்றுக்காரர். பழக்கத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். ஊசியைத் தன் பக்கத்தில் நிறுத்தி, என் முதுகில் கையை வைத்துக்கொள் என்று சைகை காட்டினார். அந்தக் கை அங்கேயே இருந்தது. கயிற்றை மெல்ல விட்டு, அடியில் தட்டியதும் கொஞ்சம் தூக்கி, முறுக்கிவிட்டுச் சுற்றவிட்டார். மேலிருந்து பார்த்தால் டார்ச் வெளிச்சம் மட்டும் சுவர்களைத் தடவிக்கொண்டு போவது தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஊசி இருமக்கூட இல்லை.

மேலே இழுத்து, படிக்கட்டில் உட்கார்ந்து, தன்னுடைய போனில் பார்த்தார். நாலு சுவர். வளைந்து தெரிந்த ஒரு தூண். தரையில் வண்டல், பாலாடைபோல வழுவழுப்பாக. அதில் ஒரு காலடிகூட இல்லை. யாரும் இல்லை என்று பெருமூச்சு விட்டார். விட்ட பிறகுதான் உறைத்தது. ஒரு காலடிகூட இல்லையென்றால், நேற்று ஊசி இந்த அறைக்கு வந்த காலடி எங்கே?

ஓட்டை வாயில் மட்டும், யாரோ தவழ்ந்து வந்து நின்றுவிட்டதுபோல இரண்டு உள்ளங்கைப் பதிவுகள் இருந்தன.

அப்போது போனிலிருந்து குரல் வந்தது. தணிந்த, களைத்த குரல்.

“மாமா, நான் இன்னும் உள்ளதான் இருக்கேன். கயிற எறக்குங்க.”

ஊசியின் குரல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊசியின் உதடு மூடியிருந்தது. கயிற்றுக்காரர் அவனைப் பார்த்தார். புருவத்தின் மேல் சின்ன வயதுத் தழும்பு இருந்தது. நகத்தில் நேற்றைய அழுக்கு இருந்தது. எல்லாம் இருந்தது. அவர் மனதுக்குள் ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். நேற்று கேட்ட என் குரல் பொய், ஏனென்றால் நான் மேலே இருந்தேன். இன்று கேட்கிற இவன் குரலும் பொய், ஏனென்றால் இவன் என் பக்கத்தில் இருந்தான். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் கயிறு கனமில்லாமல் கிடந்த அந்த நேரத்தை எங்கே சேர்ப்பது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு கயிற்றின் மறு நுனியில் வந்து பிடித்தது யார்?

“என்ன மாமா அப்படிப் பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. நேத்து சாப்பாட்டுல உப்பு எப்படி இருந்துச்சு?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “நல்லாத்தானே இருந்துச்சு” என்றான்.

பிறந்ததிலிருந்து அக்கா சமையலில் உப்பு போதாதவன் அவன்.

குரல் மறுபடி, கயிறு வேண்டும் என்று கேட்டது. அவர் போனை நிறுத்தினார். திரையில் வீடியோ உறைந்து நின்றது. ஓரத்தில் குப்பைத்தொட்டிப் படம். அவர் தொட யோசிப்பதற்குள், ஊசியின் விரல் குறுக்கே வந்து அதை அமுக்கியது. அழிக்கவா என்று கேட்டதற்கு, ஆமாம் என்பதையும் அதே விரல் அமுக்கியது.

“இதையெல்லாம் அக்காவுக்குக் காட்ட வேணாம் மாமா. வாங்க, போலாம்.”

அவன் எழுந்துபோய் இரும்பு மூடியைக் காலால் தள்ளி இடத்தில் பொருத்தினான். வழக்கமாக இரண்டு பேர் சேர்ந்துதான் தள்ளுவார்கள். பிறகு திரும்பிப் பார்க்காமல் படியேறினான்.

கயிற்றுக்காரர் அங்கேயே நின்றார். விசில் இன்னும் வாயில் இருந்தது. கையில் கயிறு இருந்தது. சுருட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி, ஆனால் கை வரவில்லை. குனிந்து, மூடியோடு முகத்தை ஒட்டிவைத்து, மெதுவாக ஒரு ஊதல் ஊதினார். நன்றாக இருக்கிறாயா என்று.

மேலே படியில் காலடிச் சத்தம் நின்றது.