மாப்பிள்ளை மடித்த நட்சத்திரங்கள்

அக்காவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை ஒரு ஜாடி நிறையக் காகித நட்சத்திரங்கள் மடித்துக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றும் விரல் நகமளவு, குட்டித் தலையணை போல உப்பியிருந்தது. கல்யாண மேடையில் அதே மாதிரி செய்து தொங்கவிடத் தங்கைக்கு ஆசை. முடிச்சு எங்கே விழுகிறது என்று பார்க்க ஒன்றைப் பிரித்தாள்.

காகிதப் பட்டையின் உள்பக்கம் நீல மையில், சாய்ந்த பொடி எழுத்தில் எழுதியிருந்தது: "செவ்வாய், 5.40. மஞ்சள் சுடிதார். மருந்துக்கடைக்காரனிடம் சிரித்தாள்."

இன்னொன்றைப் பிரித்தாள். "வியாழன், 6.15. பஸ்ஸில் ஜன்னல் சீட். போனில் பதினொரு நிமிடம். யார்?"

அக்கா குளித்துவிட்டு வந்தாள். "ஏய், எத்தனை பிரிச்சே?"

"ரெண்டு. அக்கா, இந்த ஆளு உன் பின்னாடியே சுத்தியிருக்கான்."

"மரியாதையா பேசு. உனக்கு மாமா ஆகப்போறவர்."

"மாமாவா, சிஐடியா? அப்பாகிட்ட சொல்றேன்."

"பத்திரிகை குடுத்தாச்சுடி. சும்மா இரு. சாயங்காலம் வந்தா எண்ணுவார். ஒண்ணு ரெண்டைப் பிரிச்சும் பார்ப்பார்."

தங்கை பட்டையைத் திரும்ப மடித்தாள். கசங்கிய காகிதம் உப்பாமல் சப்பையாகக் கிடந்தது. அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். உள்ளே அதே நிறத்தில் வெட்டிய பட்டைகளும் அதே நீலப் பேனாவும் இருந்தன. புதுப் பட்டையில் அதே வரிகளை மாப்பிள்ளையின் சாய்ந்த கையெழுத்திலேயே, ஓரெழுத்துப் பிசகாமல் எழுதி, முடிச்சிட்டுச் சுற்றி, ஓரங்களைக் கிள்ளி உப்பவைத்தாள். கை எங்குமே தயங்கவில்லை.

"எத்தனை நாளாக்கா இது?"

அக்கா நிமிரவில்லை. "கதவைச் சாத்திட்டு வா. நீ பிரிச்சதுல இன்னும் ஒண்ணு இருக்கு."