மேட்டுக்கு அந்தப்பக்கம் விழுந்த பந்து

டங்!

பல் டாக்டர் மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கி, பாதி தூரம் கீழே இறக்கியிருந்த நொடியில் அந்த மணி அடித்தது. அவருடைய தோள் துள்ளியது. பந்து நேராகப் போகாமல் இடப்பக்கம் வளைந்து, மேட்டைத் தாண்டி மறைந்தது. இடப்பக்கம் ஏரி.

ப்ளக்.

"தண்ணி," என்றார் மாமனார். வருத்தம் இருப்பதுபோல் காட்டிக்கொள்ளக்கூட அவர் முயலவில்லை.

"மணி அடிச்சதுல கை ஆடிடுச்சு மாமா. இன்னொரு தடவை அடிச்சுக்கட்டுமா?"

"பல்லு பிடுங்கறப்போ ஃபோன் அடிச்சு, பக்கத்துப் பல்லைப் பிடுங்கிட்டா, இன்னொரு தடவைன்னு கேப்பீங்களா மாப்பிள்ளை?"

பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டார். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்பவர், மாமனார் எதிரில் மட்டும் மூடியே பழகியிருந்தார்.

அந்த கோல்ஃப் மைதானத்தில் சமதளம் என்று ஒரு பாய் விரிக்கக்கூட இடம் கிடையாது. சுற்றிலும் குன்றுகள், குன்றுகளுக்கு இடையே ஏரிகள். பார்க்க அழகு, ஆடினால் முழங்கால் கேள்வி கேட்கும். அதிலும் கடைசிக் குழி ஒரு பொல்லாத குழி. நின்று அடிக்கும் இடத்திலிருந்து கொடியும் தெரியாது, குழியும் தெரியாது. மேட்டின் உச்சியில் வெள்ளையடித்த ஒரு கல் தெரியும். அதைக் குறிவைத்து அடிக்க வேண்டியதுதான். அந்தப்பக்கம் ஆள் இருந்தால் மண்டை உடையும் என்பதால், அங்கே ஒரு கம்பத்தில் வெண்கல மணி தொங்கியது. முன்னால் ஆடியவர்கள் நகர்ந்ததும் யாராவது அதை ஒருமுறை அடிப்பார்கள். அடித்தால் இந்தப்பக்கம் இருப்பவர்கள் ஆடலாம்.

இன்றைக்கு அந்த வேலை மாமியாருக்கு. மகள் ஓட்டிய பேட்டரி வண்டியில் முன்கூட்டியே போய்விட்டார். முதல் மணி ஒழுங்காகத்தான் அடித்தது. மாமனார் ஆடினார். பந்து வெள்ளைக் கல்லுக்கு நேர் மேலே, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் போனது. முப்பது வருடம் பாலம் கட்டிய இன்ஜினியர் அவர். இரண்டாவது மணி எதற்கு அடித்தது என்பதுதான் புரியவில்லை.

பதினேழு குழிகள் முடிந்து இருவரும் சமம். ஏழு வருடத்தில் மருமகன் இத்தனை தூரம் தாக்குப்பிடித்ததே இல்லை. தாக்குப்பிடிக்கக் காரணம் பயம்.

மாமனார் ஓய்வு பெற்ற மறுவாரமே, வீட்டு மாடியை மகளுக்கும் மருமகனுக்கும் என்று முடிவுசெய்து, அலமாரிகளை அளந்து, 'மருமகன் - சட்டை', 'மருமகன் - இதர' என்று லேபிள் ஒட்டிவிட்டார். அந்த வீட்டில் குளியல் ஆறு நிமிடம். ஏழாவது நிமிடம் கதவு தட்டப்படும். சாப்பாட்டு மேஜையில் நாற்காலி இருக்க வேண்டிய இடம் தரையில் புள்ளியாகக் குறிக்கப்பட்டிருக்கும். வேண்டாம் என்று சொல்ல மகளுக்கு தைரியமில்லை. மருமகனுக்கு அதுவும் இல்லை. கடைசியில் மாமனாரே வழிவிட்டார். "ஆடிப் பார்த்துடலாம். நீங்க ஜெயிச்சா உங்க ஃபிளாட்லயே இருங்க. நான் ஜெயிச்சா ஒண்ணாம் தேதி லாரி வரும்."

லாரியின் ஹாரன் இப்போதே காதில் கேட்டது.

மேடு ஏற ஐந்தாறு நிமிடம் ஆனது. நடுவில் மாமனார் இரண்டு முறை நின்றார், காட்சியை ரசிப்பதற்காக என்று சொல்லிக்கொண்டு. உச்சியை அடைந்ததும் கீழே எல்லாம் தெரிந்தது. ஏரி, கொடி, மணிக் கம்பத்தில் பின்பக்கம் மோதிச் சிக்கிக்கொண்ட பேட்டரி வண்டி.

"ரிவர்ஸ்ல இடிச்சுட்டேன் பா!" என்று கத்தினாள் மகள். இரண்டு கையாலும் வண்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

குழிக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பந்து.

"என்னோடது," என்று சொல்லிக்கொண்டே மாமனார் இறங்கினார். குனிந்தார். நிமிரவில்லை. பந்தின் மேல் நீல மையில் குட்டியாக ஒரு பல் வரைந்திருந்தது.

பல் டாக்டருக்குத் தன் கண் மீதே சந்தேகம். குனிந்து தொட்டுப் பார்த்தார். ஈரம். பாசி இழை ஒன்று வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் மெதுவாகத் துடைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் பந்து எங்க?" என்றார் மாமனார்.

விதிப்படி தேட மூன்று நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி புதர், பள்ளம், வண்டிக்கு அடிப்பக்கம் வரை தேடினார். இல்லை.

"மாமா, அது வந்து... தண்ணில சத்தம் கேட்டுச்சே, அது..." மனசாட்சி உறுத்த, உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார் பல் டாக்டர்.

"உங்களோடதுதாங்க," என்றார் மாமியார், பின்னலிலிருந்து தலை நிமிராமல், கணவரைப் பார்த்து. "உருண்டு உருண்டு போச்சு. நானும் நிக்கும் நிக்கும்னு பார்த்தேன்."

"என் பந்தா? நான் அடிச்சு முக்கால் நிமிஷம் கழிச்சுல்ல சத்தம் வந்துச்சு?"

"அதான் சொல்றேனே, உருண்டுச்சுன்னு."

மாமனார் சரிவைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். உதடுகள் எதையோ பெருக்கி எதையோ வகுத்தன. "பத்துக்கு ஒண்ணு இறக்கம்... புல்லு ஈரம்... ஆமா, முக்கால் நிமிஷம் சரியாத்தான் வருது." கணக்கு சரியாக வந்ததில் அவருக்குத் தோல்வியின் வலியே பாதி குறைந்துவிட்டது. கையை நீட்டினார். "நான் திரும்பப் போய் அடிச்சாலும் குழிக்கு ஒரு சாண்ல கிடக்கற உங்க பந்தை மிஞ்ச முடியாது. ஜெயிச்சுட்டீங்க மாப்பிள்ளை. பேச்சுன்னா பேச்சுதான். ஃபிளாட்லயே இருங்க."

லேபிள்களைக் கிழிக்க வேண்டுமே என்ற கவலையோடு அவர் கிளப் கட்டிடத்தை நோக்கி நடந்தார்.

பல் டாக்டர் மனைவியிடம் ஓடினார். "எப்படிம்மா தண்ணிக்குள்ள இருந்து எடுத்த?"

"எதை?"

"நடிக்காதே. பந்தை!"

"நான் இந்த வண்டியை விட்டு நகரவே இல்லைங்க. என் ஷூவைப் பாருங்க!"

பார்த்தார். காய்ந்திருந்தது. மெதுவாகத் திரும்பினார். பெஞ்சுக்குக் கீழே மாமியாரின் செருப்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கம்பளி நூல்கண்டு இருந்த பைக்குள், இரண்டு உருண்டைகளுக்கு நடுவே, மூன்றாவதாக வெள்ளையாக ஒன்று. அதில் மாமனாரின் அளவெடுத்த கையெழுத்தில் தேதியும் நேரமும்கூட எழுதியிருந்தது.

"அத்தை!" என்றார். "எங்களுக்காகவா இவ்வளவு?"

மாமியார் பையின் வாயை இழுத்துக் கட்டினார். கணவர் காது கேட்கும் தூரத்தைத் தாண்டிவிட்டாரா என்று பார்த்துக்கொண்டார்.

"உங்களுக்காகவா? அவரு ரிட்டையர் ஆன நாள்லேர்ந்து, யோகா பண்றேன்னு சொல்லிட்டு தினமும் ரெண்டு மணி நேரம் அந்த மாடியிலதான் மாப்பிள்ளை நான் கதவைச் சாத்திட்டு நிம்மதியா தூங்கறேன்!"