அறுக்காத புல்

"கடைசி அருவிய வியாழக்கிழமைக்கு மாத்திடு," என்றார் ஆல்பின், கண்ணைத் திறக்காமலே. "செவ்வாய்க்கிழமை வேண்டாம். பால் லாரி வர்ற நாள். கீழ வண்டி நிறுத்த இடம் இருக்காது."

ரோஸ்விதா போர்வைமேல் விரித்திருந்த வரைபடத்தை ஒதுக்கிவிட்டு அட்டவணையில் அடித்து எழுதினாள். "எத்தனை மணிக்குப்பா?"

"மத்தியானத்துக்கு மேல. காலையில பனி உருகியிருக்காது, நூல் மாதிரிதான் ஒழுகும். இதுக்கா இவ்வளவு தூரம் ஏறினோம்னு நம்மளத் திட்டிட்டுப் போவாங்க."

அவ்வளவு பேசியதற்கே அப்பாவுக்கு மூச்சு இரைத்தது. மூக்கில் செருகியிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். இயற்கைப் பூங்கா அலுவலகத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்கான கோடை நடைகளைத் திட்டமிடும் பொறுப்பு ரோஸ்விதாவுக்கு. பெயர்தான் அவளுக்கு, வேலை முழுக்க அப்பாவுக்கு என்பது பள்ளத்தாக்குக்கே தெரியும். தபால் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன் வீட்டில் சும்மா கிடக்க முடியாமல் அருவி அருவியாக ஏறி இறங்கியவர். கீழருவிக்கு மே மாதம், பனியாற்றிலிருந்து விழும் மேலருவிக்கு நடுக்கோடை, குழந்தை குட்டியோடு வருகிறவர்களுக்குப் பாறை வழுக்காத இரண்டாவது அருவி என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"திரும்புற வழி?" என்று வழக்கம்போலக் கேட்டாள்.

அப்பா சிரித்தார். "வந்த வழிதான். வேற எது இருக்கு? இந்த வருஷம் நான் அவன்கிட்டப் போகவே இல்லையே."

அவன் என்றால் வெண்டலின். அப்பாவின் அண்ணன், ரோஸ்விதாவுக்குப் பெரியப்பா. இந்தப் பக்கத்து வழக்கப்படி பண்ணை மூத்தவருக்குப் போய்விட்டது. இளையவருக்குக் கிடைத்தது மேல்கரையில் இந்தச் சின்ன வீடும் பஸ் ஸ்டியரிங்கும். அதைப் பற்றி அப்பா ஒரு நாளும் குறைபட்டதில்லை. ஒரே ஒரு குறைதான் அவருக்கு. மேலருவியைப் பார்த்தவர்கள் பெரியப்பாவின் புல்வெளி வழியாக மாதா கோயில் முற்றத்தில் போய் இறங்கினால், நான்கு அருவிகளும் ஒரே சுற்றில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் ஏறின வழுக்குப் படியிலேயே இறங்கவேண்டும். எதிரே ஏறி வருகிறவர்களோடு முட்டி மோதவேண்டும். வந்த வழியே திரும்புவது நடையே இல்லை, ஏதோ மறந்துவிட்டு எடுக்கப் போவது போலிருக்கிறது என்பார் அப்பா.

ஒவ்வொரு வசந்தத்திலும் அட்டவணை முடிந்ததும் பேரிக்காய்ச் சாராயம் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சீட்டாடுவார்கள். பாட்டில் காலியாகும், பதில் மட்டும் வராது. அறுக்காத புல்லில் சொந்தப் பிள்ளையே கால் வைக்கக்கூடாது என்கிற ஊர் இது. நடக்க வருகிறவர்களின் நாய் அசிங்கம் பண்ணின புல்லைத் தின்றால் மாட்டுக்குக் கன்று தங்காது என்பார் பெரியப்பா. நிலமில்லாதவனுக்கு ஊரெல்லாம் வழி என்றும் சொல்லுவார். அப்பா அதற்கும் சிரித்துவிட்டு அடுத்த சீட்டை இறக்குவார்.

ரோஸ்விதா சூப்பைச் சூடாக்க அடுக்களைக்குப் போனாள். கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது அறையில் மூச்சு இரைக்கும் சத்தம் இல்லை. கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு அதை வரைபடத்தின் மேலேயே வைத்துவிட்டு, அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அடுத்த இரண்டு நாளும் மாலையில் அந்தச் சின்ன வீட்டில் ஊர் கூடி ஜெபமாலை சொன்னது. பெரியப்பா வந்தார். தம்பிமேல் தீர்த்தம் தெளித்தார். கடைசி பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். கல்நெஞ்சக்காரன் என்று யாரோ முணுமுணுத்தது ரோஸ்விதாவின் காதில் விழுந்தது. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடக்கத்துக்கு முந்தின நாள் அதிகாலையில் பேய்மழை கொட்டியது. விடிந்து பார்த்தால், மலையிலிருந்து சரிந்த சேறும் பாறையும் கோயிலுக்கு இறங்கும் சாலையை மூடிக் கிடந்தன. குண்டர் என்கிற ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவன் முழங்கால்வரை சேற்றோடு வாசலில் வந்து நின்றான்.

"மிஷின் வந்து அள்ளிப்போட மூணு நாள் ஆகும்க்கா. அருவிப் படியில பெட்டிய இறக்க முடியாது. நாளைக்குக் காலையில புல்வெளி வழியா தூக்கிட்டுப் போயிடலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அப்புறம் என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியாமல் என்ன? சவப்பெட்டி போன நிலத்தை அதன்பிறகு யாரும் அடைக்க முடியாது. காலாகாலத்துக்கும் அது ஊர்வழி. எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் அதை மீறின குடியானவன் கிடையாது. குண்டரின் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ஆல்பின் செத்தும் சாதித்துவிட்டான் என்றார் ஒருவர். சவ ஊர்வலத்தைத் தடுத்து நிறுத்த எந்த அண்ணனாலும் முடியாதே.

ஒரு நிமிஷம் ரோஸ்விதாவுக்கும் மனசு துள்ளியது. வியாழக்கிழமைக் கூட்டம் வரிசையாகப் புல்வெளியில் இறங்கி வருவது கண்ணில் தெரிந்தது. அடுத்த நிமிஷமே வெட்கமாகிவிட்டது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருஷா வருஷம் போய்க் கேட்ட மனுஷன் அவள் அப்பா. குறுக்குப் புத்தி அவருக்கு இருந்திருந்தால் என்றைக்கோ வக்கீலைப் பிடித்திருப்பார். அவள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு நடந்தாள்.

பெரியப்பா தொழுவத்தில் பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "கேக்க வந்துட்டியா?" என்றார்.

"கேக்க வரல பெரியப்பா. ரோடு சரியாகுற வரைக்கும் அப்பா வீட்டுலயே இருக்கட்டும். உங்க புல்லுமேல கொண்டுபோக மாட்டோம். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவர் அடுத்த கேனைக் குழாயடிக்கு நகர்த்தினார். "ஜூன் மாசம். எங்க வெச்சிருப்ப?"

"நிலவறையில. குளிர்ச்சியாதான் இருக்கு."

"சீஸ் பக்கத்துலயா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். "ஊர் என்ன வேணா சொல்லட்டும் பெரியப்பா. அப்பா இந்த வழிய உங்ககிட்டக் கேட்டு வாங்கணும்னுதான் இருந்தாரு. செத்து வாங்கிக்கிட்டாருன்னு ஆகக்கூடாது."

பெரியப்பா குழாயை மூடினார். கேனைக் கவிழ்த்து வைத்தார். துண்டில் கையை ரொம்ப நேரம் துடைத்தார்.

"இந்த வருஷம் அவன் வரல," என்றார்.

"முடியல. வாசல் வரைக்கும் போனாலே மூச்சு வாங்குச்சு. பாட்டிலை மட்டும் வாங்கி வெச்சிருந்தாரு."

"நானும் சீட்டை எடுத்து வெச்சிருந்தேன்," என்றார் பெரியப்பா. மாட்டுக்குத் தீவனம் வைக்கவேண்டும், நீ போ என்றார். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு ரோஸ்விதா வீட்டுக்கு வந்தாள். குண்டரிடம் மூன்று நாள் காத்திருக்கலாம் என்றாள். கிடைத்ததைக் கை நழுவ விடுகிறாயே, உன்னைப் போல ஒரு பைத்தியத்தை நான் பார்த்ததில்லை என்று அவன் கத்திவிட்டுப் போனான்.

மறுநாள் விடியலில் அதே குண்டர் கதவைத் தட்டினான். அவள் கையைப் பிடித்து வேலிவரைக்கும் கூட்டிக்கொண்டு போனான்.

புல்வெளிக் கதவு திறந்திருக்கவில்லை. கீலோடு கழற்றிக் கல்சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அங்கிருந்து கோயில் முற்றம்வரைக்கும், இடுப்பளவு நின்ற புல்லின் நடுவே, பாதை ஒன்று அறுத்து விட்டிருந்தது. நடுவில் பெட்டியும் இரண்டு பக்கமும் ஆட்களும் போகத் தாராளமான அகலம். அறுப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்த புல் அது. பெரியப்பா நீளக் காம்பு அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு புல்லின் பனித்துளியில் தொடைவரை நனைந்து ஏறி வந்துகொண்டிருந்தார்.

"நான் கேக்கவே இல்லையே பெரியப்பா," என்றாள் ரோஸ்விதா.

"நீ கேக்கல. அவன் எத்தனை தடவை கேட்டான்," என்றார். "பெட்டி போறதுக்கு முன்னாடியே இது வழிதான். நான் விட்ட வழி. எல்லாருகிட்டயும் அப்படியே சொல்லு." பிறகு குண்டரைப் பார்த்தார். "முன்பக்கம் நான் தூக்குறேன்."

"உங்க வயசுக்கு முடியுமா? இறக்கம் வேற."

"என் தம்பிடா," என்றார் பெரியப்பா.

கறுப்பு உடுப்பு போட்டுக்கொண்டு வந்து முன்மூலையைத் தோளில் வாங்கினார். அறுக்காமல் நின்ற புல்லில் வழியில் யாரும் ஒரு செருப்புத் தடம்கூடப் பதிக்கவில்லை. மாலை தூக்கி வந்த பெண்கள்கூட ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். மேலே அருவி விழும் சத்தம் இறக்கம் முழுக்கக் கூடவே வந்தது. அப்பாவுக்கு இது பிடித்திருக்கும் என்று நினைத்தாள் ரோஸ்விதா. நினைத்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது.

பூசையும் அடக்கமும் முடிந்து விடுதியில் மாவு உருண்டை போட்ட சூப் பரிமாறினார்கள். பெரியப்பா அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அருவி பார்க்கிறவர்கள் எந்தக் கிழமை வருவார்கள் என்று கேட்டார். வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் என்றாள். "நாயக் கயித்துல பிடிச்சிருக்கணும். பெருசா எழுதிப் போடு," என்று சொல்லிவிட்டுச் சூப்பைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஊர்க்காரர்கள் பேச்சும் சிரிப்புமாகக் கலைய மாலையாகிவிட்டது. ரோஸ்விதா தனியாகப் புல்வெளியில் ஏறினாள். பாதி ஏற்றத்தில் பெரியப்பா கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல், வெட்டிப் போட்ட புல்லை வாரியால் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பாத்துக்கலாமே," என்றாள்.

"ஈரப் புல்லு வழுக்கும். வர்றவங்க புதுசு, விழுந்து வெப்பாங்க."

அவள் அடக்கத்துக்குப் போட்டிருந்த குதிகால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கீழே கிடந்ததைக் கையால் அள்ள ஆரம்பித்தாள்.