திரும்பிப் பார்க்காமல் வந்த வழி

பிக்கப்பின் பின்கதவை இறக்கிவிட்டு அதில் உட்கார்ந்து, கணவரின் கான்வாஸ் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கி அடைத்துக்கொண்டிருந்தார் பிரபாவதி அக்கா. ஷூ அவருக்கு ரொம்பப் பெரிது. முதல் தடவை ரப்பர் செருப்போடு வந்து, கல் குத்தி, குதிகாலில் ரத்தம் கட்டியதிலிருந்து இந்த ஏற்பாடு. காலை நுழைத்துக் கயிற்றை இறுக்கினார். புடவையை ஒரு சாண் ஏற்றிச் செருகினார். தலையைச் சுற்றி மஃப்ளர். குளிர்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அபுதாபிப் பக்கத்து அல் ஐன் ஊரிலிருந்து ஹபீத் மலை அடிவாரத்துக்குப் பிக்னிக் வருகிறவர்கள் உண்டு. சமோசா, பிளாஸ்க், டேப் ரிக்கார்டர் என்று சத்தமாக வருவார்கள். இவரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. டியூட்டிக்குக் கிளம்புகிற ஆள் மாதிரி இருந்தது.

"போலாமா தம்பி?"

"சார் வரட்டும்க்கா."

கல்யாணசுந்தரம் சார் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சிக்காரர். எங்கள் கம்பெனிக்குப் பிளான் போட்டுக்கொடுக்கும் ஆபீசில் டிராப்ட்ஸ்மேன். அல் ஐனில் புதிதாகப் போட்ட ரோடு பாதி அவர் கையால் காகிதத்தில் வரைந்தது. ஆனால் இந்த மலைக்கு முன்னால் வந்து நின்றால் மட்டும், பரீட்சையில் கேள்வித்தாளைத் திருப்பிப் பார்த்த பையன் மாதிரி அவர் முகம் ஆகிவிடும்.

நான் கேம்ப்பில் ஸ்டோர் கீப்பர். வெள்ளிக்கிழமை லீவு எனக்குப் பெரிய தொந்தரவு. காலையில் துணி துவைத்துவிட்டால் அப்புறம் ஒன்றுமில்லை. ரூமில் சீட்டு ஆடுவார்கள், ஊர்ப் பேச்சு பேசுவார்கள், சாயங்காலம் ஆனால் யாராவது ஒருத்தன் அழுவான். அதைப் பார்க்க முடியாமல்தான் ஒருநாள் தண்ணீர் கேனையும் நாலு குப்பூஸ் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் நடந்தேன். அது பழக்கமாகிவிட்டது. "என்ன உடையப்பா, மலைல யாரையும் வச்சிருக்கியா?" என்று கேம்ப்பில் கேலி செய்வார்கள். ஆட்டுத் தடம் பிடித்து ஏறி, நிழல் கண்ட இடத்தில் சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவேன். ஒருமுறை வழி தப்பித் தண்ணீர் தீர்ந்து போனதில் ஒரு பாடம் கற்றேன். ஏறும்போது மலைக்கு ஒரு முகம், இறங்கும்போது வேறு முகம். அதனால் போகும்போதே அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வழி பிரிகிற இடங்களில் நாலு கல்லை எடுத்து அடுக்கிவிட்டுப் போவேன்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் சார் என்னைத் தேடி ஸ்டோருக்கு வந்தார். ரொம்ப நேரம் பைப் எல்போக்களை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலைப்பக்கமெல்லாம் நல்லா தெரியுமாமே உங்களுக்கு?"

"ஏதோ நடப்பேன் சார்."

"என் ஒய்ஃபுக்கு ஒரு இடத்தக் காட்டணும். கூட வர்றீங்களா?"

போன குளிர்காலத்தில் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை. பச்சைக் குழந்தையை எரிக்கிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது, புதைக்கத்தான் வேண்டும். எங்கே புதைப்பது, யாரைக் கேட்பது என்று அந்த ஊரில் அப்போது அவருக்குத் தெரியவில்லை. பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கலீலுர் ரஹ்மான்தான், அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், தன் பிக்கப்பைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருக்கிறார். கொத்தனார் வேலுச்சாமி மண்வெட்டி எடுத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். மலை அடிவாரத்தில் காக்கா வண்டியோடு நின்றுகொண்டார். மற்ற இரண்டு பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாதிக்குள் நடந்தார்கள். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் காய்ந்த ஆற்றை இங்கே வாதி என்பார்கள். அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். எழுந்து நடக்க முடிந்திருந்தாலும் கூட்டிப் போயிருக்க மாட்டார்கள். பெண்கள் அங்கே போவதில்லை.

வேலை முடிந்து கிளம்பும்போது வேலுச்சாமி சொல்லியிருக்கிறார். "சார், நேரா நடங்க. திரும்பிப் பாக்காதீங்க." சுடுகாட்டிலிருந்து வருகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. சின்ன வயதிலிருந்து எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதான். சார் ஆபீஸ் ஆள், மூடநம்பிக்கை இல்லாதவர் என்றுதான் பெயர். அன்றைக்கு மட்டும் சொன்னபடி நடந்தார். கண்ணைக் காலடியில் வைத்துக்கொண்டு வண்டி வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பாமல் வந்து சேர்ந்தார்.

நாங்கள் முதல் முறை வந்த வெள்ளிக்கிழமைதான் இது அக்காவுக்குத் தெரிந்தது. வாதி இரண்டாகப் பிரியும் இடத்தில் சார் நின்றுவிட்டார்.

"எந்தப் பக்கங்க?"

"இப்படித்தான்னு நெனக்கிறேன்."

"நெனக்கிறீங்களா?"

"அன்னிக்கு வெயில் வேற மாதிரி இருந்துச்சு பிரபா."

"ஒரு மரம், ஒரு பாறை, ஏதாச்சும் இருந்திருக்குமில்ல?"

"போறப்ப கையில அவன் இருந்தான். அவனத்தான் பாத்துட்டுப் போனேன்." சார் பிரிகிற இரண்டு வழியையும் பார்த்தார். "வர்றப்ப திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு..."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபித்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "அதுவும் சரிதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வலதுபக்க வாதிக்குள் தானே முதலில் நடந்தார். வேலுச்சாமியைக் கேட்கலாம் என்றால் அவர் வெயில் காலத்திலேயே சவூதியில் தம்மாம் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியாது. போதாததற்கு, குழந்தையை வைத்துவிட்டு வந்த மறுமாதமே பெரிய மழை. அந்த வாதியில் தண்ணீர் ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். ஆள் உயரக் கல்லைப் புரட்டிக்கொண்டு போனது. இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சாருக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தார்.

இன்றைக்குக் கடைசி. சாருக்குக் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. வரும் வாரம் பிளைட். இனிமேல் இந்தப் பக்கம் வரப்போவதில்லை. அதனால் எப்போதும் வண்டியிலேயே கால் நீட்டிப் படுத்திருக்கும் காக்காவும் இன்றைக்குக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார். காயல்பட்டினத்துக்காரர், பெரிய தொந்தி, ஐம்பதைத் தாண்டியவர்.

"கடல்ல பொறந்தவன மலை ஏத்துறியே உடையப்பா. நா மௌத்தாப் போனா கடைக்கு யாருப்பா கணக்குப் பாப்பா?"

"நீங்க இங்கயே இருங்க காக்கா."

"அன்னிக்கு வண்டியோட நின்னேன்ல, அது போதும்," என்றார்.

இடதுபக்க வாதியில் நடந்தோம். கீழே உருண்டைக் கற்கள், இருபக்கமும் வெயில் படாத சாம்பல் நிறச் சுவர். அங்கங்கே ஒரு முள் மரம், அதன் கிளையில் போன மழைக்கு வந்து சிக்கிய குப்பை என் தலைக்கு மேலே தொங்கியது. அக்கா அதை நிமிர்ந்து பார்த்தார். அது எப்படி அவ்வளவு உயரத்துக்குப் போனது என்று கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. கொஞ்ச தூரம் குனிந்து பார்த்தபடியே நடந்தார். கல் நாலு சேர்ந்து கிடந்தால் நிற்பார். உட்கார்ந்து கையால் தடவிப் பார்ப்பார். தண்ணீர் ஒதுக்கியதா மனுஷக் கை வைத்ததா என்று பார்ப்பார் போலிருக்கிறது. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு மறுபடி நடப்பார். சார் பத்தடி பின்னால் வந்தார். பக்கத்தில் வந்து நடக்க அவருக்குத் துணிவில்லை.

ஓரிடத்தில் அக்கா ஒரு கல்லை எடுத்து என்னிடம் நீட்டினார். அதற்குள் ஒரு சிப்பி பதிந்திருந்தது. வரி வரியாக, கடற்கரையில் பொறுக்குவது போலவே. காக்கா வாங்கிப் பார்த்தார்.

"மட்டிச் சிப்பில்லா! எங்க ஊர்ல சின்னப் புள்ளையள் வெளயாடுமே. இது எப்படி இங்ஙன?"

"இதெல்லாம் ஒருகாலத்துல கடலா இருந்துச்சாம் காக்கா."

"எல்லாம் மாறித்தான் போவுது," என்று சொன்னவர், என்ன சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து கல்லைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்குகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

வெயில் சுவரிலிருந்து இறங்கி வாதியின் அடியைத் தொட்டது. தண்ணீர் பாதி தீர்ந்திருந்தது. இனி திரும்பினால்தான் சரி என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் பின்னாலிருந்து சார் கூப்பிட்டார்.

"பிரபா."

அவர் ஒரு சின்ன ஓடைப் பிளவுக்குள் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் கவனிக்காமல் கடந்து வந்த இடம்.

"இங்க வா. இதுதான். இதேதான்."

முழங்கால் உயரத்துக்குக் கற்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அடியில் பெரியவை, மேலே போகப் போகச் சின்னவை, உச்சியில் ஒரு தட்டைக் கல். சார் உச்சிக் கல்லின் மேல் கையை வைத்தார். "இந்தத் தட்டக் கல்ல வேலுச்சாமிதான் வச்சான். எனக்கு இப்ப நல்லா ஞாபகம் வருது," என்றார்.

அது நான் அடுக்கியது. மழைக்கு அப்புறம் வந்த ஒரு வெள்ளிக்கிழமை, அந்தப் பிளவு மேலே போய் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது என்று தெரிந்ததும், இன்னொரு தடவை ஏமாறாமலிருக்க வைத்த அடையாளம். தட்டைக் கல்லின் மேல் வைத்துக் குப்பூஸ் தின்றது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருந்தது.

அக்கா வந்து நின்றார். உட்காரவில்லை. கற்களைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, நீங்க எல்லா எடத்துக்கும் வந்திருக்கீங்க. இதுவா?"

சார் என்னைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தார். அவர் நிஜமாகவே நம்புகிறாரா, இல்லை இன்றைக்கு ஏதாவது ஒரு இடத்தைக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காக்கா தலையைக் குனிந்து கைலியின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்ல நினைத்தேன். ஒரு வார்த்தைதான்.

"நான் அன்னிக்கு வரலையேக்கா," என்றேன்.

அக்கா தலையை மெல்ல ஆட்டினார். என் முகத்திலிருந்து என்ன படித்தாரோ, சாரிடம் போய் அவர் கையைக் கல்லிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"சரிங்க. பாத்தாச்சு. நீங்க இப்படி நிழல்ல உக்காருங்க."

சார் உட்கார்ந்ததும் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். அக்கா துணிப்பையிலிருந்து ஒரு டின் பாலை எடுத்தார். காக்கா கடையில் விற்கிறதுதான், எல்லோரும் டீக்கு ஊற்றுவது. "இத ஓட்ட போட்டுக் குடுங்க அண்ணே," என்றார். காக்கா பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அதில் தொங்கிய பேனாக்கத்தியைப் பிரித்து, கல்லால் தட்டி எதிரெதிராக இரண்டு ஓட்டை போட்டார். கத்தி இரண்டு தடவை வழுக்கியது. "பிஸ்மில்லா," என்று முணுமுணுத்தார். டின்னைத் தன் சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தார்.

"எனக்குப் பால் கட்டிக்கிட்டு ஜுரம் வந்துருச்சு தம்பி அப்ப," என்றார் அக்கா, யாரைப் பார்த்தும் இல்லாமல். "அவனுக்கு ஒரு வாய்கூட எறங்கல."

தட்டைக் கல்லின் மேல் கொஞ்சம் ஊற்றினார். கெட்டியான பால், வழிவதற்கு நேரம் பிடித்தது. சார் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் பார்த்தாயிற்று என்று தெரிந்ததும் அக்கா எழுந்து பிளவிலிருந்து வெளியே வந்து, வாதிக்குள் இறங்கினார். டின்னைச் சாய்த்துப் பிடித்தபடி மேல்நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

நூல் மாதிரி பால் இறங்கியது. உருண்டைக் கற்களின் மேல், முள் மரத்தின் அடியில், மணல் ஒதுங்கிய இடத்தில். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கும், மறுபடி இந்தக் கரைக்குமாக நடந்தார், எந்த இடமும் விட்டுப்போகாமல். பெரிய ஷூ கல்லில் இடறி இடறிச் சத்தம் போட்டது. நான் பின்னாலேயே போகப் பார்த்தேன். காக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

விழுந்த பால் வெயில் ஏறிய கல்லில் மெல்லக் காய்ந்து வெள்ளைப் பொட்டாகிக்கொண்டு வந்தது. மேலே வாதி வளைந்து வளைந்து மலைக்குள் போனது, அது எங்கே முடிகிறது என்று நானும் பார்த்ததில்லை. வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நூல் அறுந்து, சொட்டாகி, அதுவும் நின்றது. அக்கா நிற்கவில்லை. காலி டின்னை அதே சாய்வில் பிடித்தபடி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக மேலே போய்க்கொண்டிருந்தார்.