பின்னாலிருந்து பார்த்த நடை

தன் பியூட்டி பார்லரை மூடி, சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, கடைசி அட்டைப் பெட்டியோடு அக்கா முன்னால் நடந்தாள். கண்ணாடியைப் பழைய போர்வையில் சுற்றி அணைத்தபடி தங்கை பின்னால் வந்தாள். சந்து குறுகல், சேர்ந்து நடக்க வழியில்லை. அதனால்தான் அது கண்ணில் பட்டது.

அக்காவின் இடது குதிகால் எழும்பவில்லை. பாதம் தரையை உந்தாமல் இழுபட்டு வந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் வலது தோள் முன்னால் போய் உடம்பைத் தூக்கிக்கொண்டது.

தங்கை எட்டை மெதுவாக்கி அந்தக் காலையே பார்த்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். கிளினிக்குக்கு யார் வந்தாலும், எங்கே வலி என்று கேட்கும் முன்பே முதுகைக் காட்டி நடக்கச் சொல்வாள். தோள்வலிக்கு வந்தவனை நடக்கவிட்டு வேடிக்கை பார்க்கிறாள் என்று கேலிகூட உண்டு.

அக்காவை மட்டும் அவள் நடக்கச் சொன்னதில்லை. ஞாயிறு மதியங்களில், டிவி ஓட, சாப்பாட்டு மேசை நாற்காலியில் அமர்ந்து அக்கா வலிக்கிற வலது தோளைக் காட்டுவாள். அக்கா வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே இவள் அமுக்கிவிடுவாள். பிறந்ததிலிருந்து பார்த்த நடை, அதில் பார்க்க என்ன இருக்கிறது? வலி அடங்கும், மறுபடி வரும். கடைசியில், கையைத் தூக்கும் வேலையே வேண்டாம், கடையை விட்டுவிடு என்று சொன்னதும் இவள்தான். யார் பேச்சையும் கேட்காத அக்கா இவள் பேச்சைக் கேட்டாள்.

"அக்கா, கொஞ்சம் நில்லு. இடது கால்ல என்ன?"

"அதுவா? தலை அலசற இடத்துல வழுக்கி விழுந்தேனே. அது அப்பவே சரியாப் போச்சு. நீ தோளத்தானே கேட்ட?"

தங்கை சொன்னாள். இடது பிட்டத்துத் தசையும் வலது தோளுக்கு ஏறும் முதுகுத் தசையும் இடுப்புக்குப் பின்னால் ஒரே சவ்வு உறையில் குறுக்காகச் சேர்கின்றன. கால் உந்தாதபோது அந்த இழுவையைத் தோள் வாங்கிக்கொள்கிறது. நாள் முழுக்க நின்று முடி வெட்டுகிறவளுக்குக் கேட்கவே வேண்டாம். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அக்கா பெட்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டாள். பின்னால் கடைக்குப் புதிதாக வந்தவர்கள் சுவரைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"அப்ப கடைய மூடியிருக்க வேணாமா?"

தங்கை கண்ணாடி மேலிருந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

"உன் கிளினிக்குல டோக்கன் எடுத்து உக்காந்திருந்தா நடக்க விட்டிருப்ப. தங்கச்சியாச்சேன்னு வீட்லயே காட்டிக்கிட்டு இருந்துட்டேன்." அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"சரி பண்ணிடலாம்க்கா."

"தோளத்தானே? கடைய?"

அக்கா சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

"நீ முன்னால போ," என்றாள்.

தங்கை கண்ணாடியோடு நடந்தாள். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. பின்னால் ஒரு செருப்பு மட்டும் தரையை உரசிக்கொண்டு வந்தது.