மூன்றாம் முழுக்கு

இரண்டாம் முறை முங்கி எழுந்த என் வீட்டுக்காரரின் உதடு நீலம் பாரித்திருக்கிறது, போதும், வந்திருங்க என்கிறேன், சிரிக்கப் பார்க்கிறார், தாடை கிட்டித்துச் சிரிப்பு வரவில்லை, மறுபடி முங்குகிறார், ஏரி அவர் தலைக்கு மேல் மூடிக்கொள்கிறது, கரையில் நான், ஒரு கையில் அவர் துண்டு, மறுகையில் அவர் கண்ணாடி. ரயிலேறி வந்த இந்த வடக்கத்தி மலையில், காலையில் அடிவாரத்தில் எத்தனை ஜனம், குதிரைக்காரர்கள், நூடுல்ஸ் கூடாரங்கள், போட்டோவுக்கு நிற்கிற புது ஜோடிகள், எனக்கு அதுவே போதும், அவர்தான் விடவில்லை, மேல ரெண்டு ஏரி இருக்காம்ட்டி, பனி உருகுன தண்ணியாம், பொழுது சாயுமுன்ன இறங்கிரலாம், ஏறினோம், மூச்சு வாங்க வாங்க ஏறினோம், முதல் ஏரியில் கூட்டம், கால் நனைத்ததோடு சரி, இரண்டாவது ஏரியில் யாருமே இல்லை, பனிமூட்டம் மட்டும், அந்த அமைதியைப் பார்த்ததுமே திரும்பிரலாம் என்றேன். வழிகாட்டி டோலே ராம் செருப்பைக் கழற்றிவிட்டு, இது தேவதையோட தண்ணி என்று கைகூப்பினார், அவருக்குத் தெரிந்த அரைகுறை இந்தியை நாங்கள் எங்கள் அரைகுறையால் புரிந்துகொண்டோம், அவர்கள் ஊரில் சாமியின் தண்ணீர் என்றால் யாரும் இறங்கக் கூடாது, எங்கள் ஊரில் சாமியின் தண்ணீர் என்றால் குளிக்காமல் திரும்பக் கூடாது, டோலே ராம் மேட்டுப் பக்கம் விறகு பொறுக்கப் போன நேரத்தில் இவர் சட்டையைக் கழற்றிவிட்டார், அம்பாசமுத்திரத்துக்காரனுக்குத் தண்ணியக் காட்டிப் பயங்காட்டுதியா, மூணு முழுக்கு, போட்டுட்டு வந்திருதேன்.

தண்ணீர் அசையவில்லை. வட்டங்கள் விரிந்து, கரையைத் தொட்டு, அடங்கிவிட்டன, ஏங்க என்கிறேன், ஏங்க, ஏங்க, எந்த ஊரிலும் எந்தப் புருஷனும் திரும்பிப் பார்க்கிற சொல், இவர் மட்டும் திரும்பவில்லை, கல்யாணமான நாளிலிருந்து வாயில் வராத பேர் வெடித்து வருகிறது, ஆவுடையப்பன், ஆவுடையப்பன், மலை அதைத் திருப்பிச் சொல்கிறது, டோலே ராம் விறகைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார், கரையில் ஒரு கணம் தயங்குகிறார், தேவதையிடம் ஏதோ முணுமுணுக்கிறார், உடுப்போடு இறங்குகிறார், தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து போட்டபோது இவர் கட்டையாய்க் கிடந்தார், தேய்த்தோம், உள்ளங்கால், மார்பு, கை, டோலே ராமின் கம்பளிக்குள் பொதிந்து தேய்த்துக்கொண்டே இருந்தோம், வெகுநேரம் கழித்து இமை அசைந்தது, எம் பேரையா கூப்பிட்ட என்றார்.

அதற்குப் பிறகு எப்படி மலையிறங்கினோம், எப்படி ரயிலேறி ஊருக்கு வந்தோம், எல்லாம் கலைந்த கனவு, இப்போது எங்கள் வீட்டுக் குளியலறை, உள்ளே செம்பால் மொண்டு ஊற்றுகிற சத்தம், ஒன்று, இரண்டு, பிறகு சத்தமே இல்லை, கதவிடுக்கில் வெந்நீர் ஆவி வருகிறது, அதே பனிமூட்டம், தட்டுகிறேன், இருக்கேன்ட்டி, சோப்புப் போடுதேன் என்கிறார், மறுபடி தட்டுகிறேன், பேரைச் சொல்லிக் கூப்பிடு, பதில் சொல்லுதேன் என்கிறார், அவருக்குக் கேலி, எனக்கு உயிர் போகிறது, ஆவுடையப்பன் என்கிறேன், ஒரு கையில் துண்டு, மறுகையில் கண்ணாடி, பதில் வருகிற வரைக்கும் கரையிலேயே நிற்கிறேன்.